மோசேயும் நம் அரசியல் மேடைகளும்

(கொடைக்கானலில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று என்னை இம்மலைக்கு அழைத்த தோழர்கள், மோசேயின் கதையை அரசியலில் இழுத்துப் பேசுவதைப்பற்றி நான் பேசியாக வேண்டும் என்று கட்டளை இட்டிருக்கிறார்கள். கட்டளை இட்டவர்கள் தோழர்களானபடியால் ஒப்புக்கொண்டேன். புகைக்கும் இடிக்கும் நடுவிலிருந்து வந்த கட்டளையாயிருந்தால் காரணம் கேட்டிருப்பேன். (சிரிப்பு)

இந்தத் தலைப்பு ஏன் வந்தது என்றால், நம் மேடைகளில் ஒரு வழக்கம் இருந்துவருகிறது. கிறிஸ்தவத் தோழர்கள் நிறைய உள்ள ஊர்களுக்கு ஓட்டுக் கேட்கப் போகிறவர்கள் சிலர், தங்கள் தலைவரை மோசே என்கிறார்கள். எதிர்க்கட்சித் தலைவரைப் பார்வோன் என்கிறார்கள். தங்களை நம்பினால் பாலும் தேனும் ஓடும் கானானுக்குக் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லுகிறார்கள். பக்கத்து ஊரில் இந்துக்கள் அதிகம் என்றால் அதே தலைவர் இராமராகிவிடுகிறார், அதே எதிரி இராவணனாகிவிடுகிறார். வேஷம்தான் மாறுகிறது; கேட்கிற ஓட்டு ஒன்றுதான். ஐந்து வருஷம் கழித்துப் பாலும் தேனும் எங்கே என்று நீங்கள் கேட்டால், இஸ்ரவேலர் நாற்பது வருஷம் நடக்கவில்லையா, ஐந்து வருஷத்தில் அவசரப்படலாமா என்று பதில் வருகிறது. அப்படி நடந்தவர்களில் எகிப்திலிருந்து கிளம்பிய பெரியவர்கள், இரண்டு பேர் நீங்கலாக, எல்லோரும் வனாந்தரத்திலேயே செத்துப்போனார்கள் என்பதை மாத்திரம் சொல்லுவதில்லை.

இங்கே கிறிஸ்தவத் தோழர்கள் பலர் வந்திருக்கிறீர்கள். நான் உங்கள் மனதைப் புண்படுத்த வரவில்லை. எங்கள் வீட்டுச் சாமியைப் பேசிய அளவுக்கு உங்கள் சாமியை நான் இன்னும் பேசவில்லை. அந்தப் பாக்கி இன்று கொஞ்சம் தீரும், அவ்வளவுதான்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். எகிப்து தேசத்தில் இஸ்ரவேலர் அடிமைகளாகச் செங்கல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பிறக்கும் ஆண் குழந்தைகளைக் கொல்லும்படி அரசன் உத்தரவு போட்டான். ஒரு தாய் தன் குழந்தையை நாணற்பெட்டியில் வைத்து ஆற்றோரம் விட்டாள். நம் குந்தி கர்ணனைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விட்டாள் அல்லவா, அதுபோல. மெசொப்பொத்தாமியாவில் சார்கோன் என்ற அரசனுக்கும் இதே மாதிரிப் பிறப்புக் கதை உண்டு. ஆற்றங்கரை நாகரிகம் இருந்த இடமெல்லாம் பெட்டிக் குழந்தையும் இருந்திருக்கிறது. அந்தக் குழந்தைதான் மோசே. பெரியவனாகி, கடவுளால் அனுப்பப்பட்டு, பார்வோனை எதிர்த்து, கடலைப் பிளந்து, ஜனங்களை வெளியே கொண்டுவந்து, சீனாய் மலைமேல் ஏறிப் பத்துக் கட்டளைகளை வாங்கிவந்தான். கானானை மலையுச்சியிலிருந்து கண்ணால் பார்த்தான். உள்ளே போகாமலே செத்தான்.

இது நடந்ததா என்று கேட்டால், புருஷர்கள் மாத்திரம் ஆறு லட்சம் பேர் கிளம்பினதாக யாத்திராகமம் சொல்லுகிறது. பெண்டு பிள்ளைகளையும் சேர்த்தால் இருபது லட்சம் ஆகும். அவ்வளவு பேர் நாற்பது வருஷம் அலைந்த வனாந்தரத்தில் அதற்குரிய தடயம் ஒன்றும் தோண்டியெடுக்கப்படவில்லை. ஆனால் இன்று நான் அந்தச் சண்டைக்கு வரவில்லை. நடக்காத கதைக்கும் நடக்கிற மனிதனை ஆட்டிவைக்கும் சக்தி உண்டு. இராமர் பாலம் என்று சொல்லி ஒரு கால்வாய்த் திட்டத்தையே நிறுத்தினதைப் பார்த்தவர்கள் நாம். ஆகவே கதை உண்மையா என்பதை விட்டுவிட்டு, இந்தக் கதையை அரசியலுக்கு இழுத்தவர்கள் யார், எந்தப் பக்கத்தைப் படித்தார்கள், எந்தப் பக்கத்தை மடித்து மறைத்தார்கள் என்று மாத்திரம் பார்ப்போம்.

1776-இல் அமெரிக்கா தன்னைச் சுதந்திர நாடு என்று சொல்லிக்கொண்டபோது, அந்நாட்டுக்கு முத்திரை ஒன்று வேண்டுமென்று பெஞ்சமின் பிராங்க்லினையும் ஜெபர்சனையும் சேர்த்து ஒரு கமிட்டி போட்டார்கள். மோசே கடற்கரையில் நின்று கையை நீட்ட, பார்வோன் கடலில் மூழ்கும் படத்தைப் போடலாம் என்றார் பிராங்க்லின். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் நடந்துபோகும் படத்தைப் போடலாம் என்றார் ஜெபர்சன். அந்த முத்திரை கடைசியில் அங்கீகரிக்கப்படவில்லை. அது வேறு விஷயம். இங்கிலாந்து ராஜா பார்வோன், தாங்கள் அடிமைப்பட்ட இஸ்ரவேலர் என்பது அவர்கள் கருத்து. இந்த ஜெபர்சன் தம் ஆயுளில் அறுநூறுக்கு மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தவர். பிராங்க்லினிடமும் அடிமைகள் இருந்தார்கள். அவர் கடைசிக் காலத்தில் மனம் மாறி, அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் முத்திரைக்குப் படம் சொன்ன அன்று, அவர்கள் வீட்டுச் சமையற்கட்டிலும் வயலிலும் இருந்த நீக்ரோவுக்குப் பார்வோன் யார்?

தென்னாப்பிரிக்காவில் போயர்கள் என்ற டச்சு வம்சத்து வெள்ளையர் இருந்தார்கள். 1830-களில் பிரிட்டிஷ் ஆட்சியில் இருக்கப் பிடிக்காமல் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு உள்நாட்டுக்குப் போனார்கள். அதையும் இஸ்ரவேலரின் யாத்திரை என்றே அவர்கள் தலைவர்கள் பேசிவந்தார்கள். பிரிட்டிஷார் பார்வோன் ஆனதற்கு அவர்கள் சொன்ன குறைகளில் ஒன்று என்ன தெரியுமா? 1834-இல் அங்கே அடிமை முறையை ஒழித்ததாம். அடிமையை விடுவித்தவன் பார்வோன், அடிமையை இழந்தவன் இஸ்ரவேல்! கதையை இப்படியும் திருப்பலாம் என்றால், இது எந்தக் கைக்கும் பொருந்துகிற கையுறை என்றுதானே அர்த்தம்?

இன்னும் ஒரு வேடிக்கை கேளுங்கள். 1807-இல் லண்டனில் ஒரு வேதப்புத்தகம் அச்சிட்டார்கள். மேற்கிந்தியத் தீவுகளில் கரும்புத் தோட்டங்களில் இருந்த அடிமைகளுக்கென்றே தயாரித்த வேதம். ஆதியாகமத்தில் யோசேப்பின் கதை நடந்துகொண்டிருக்கும். பக்கத்தைத் திருப்பினால் யாத்திராகமம் பத்தொன்பதாம் அதிகாரம் வந்துவிடும். நடுவில் உள்ள பதினெட்டு அதிகாரங்கள், அதாவது அடிமைகள் அழுததும், மோசே எதிர்த்ததும், கடலைத் தாண்டி ஓடினதும், அப்படியே வெட்டி எடுக்கப்பட்டிருந்தன. ஆனால் பத்துக் கட்டளைகள் பத்திரமாக இருந்தன! விடுதலை வேண்டாம், கட்டளை மாத்திரம் போதும் என்பது எவ்வளவு கெட்டிக்காரத்தனமான கத்தரிக்கோல் பாருங்கள். மனுதர்மத்தை நாம் கொளுத்தினால் கோபிக்கிறார்களே, தங்கள் வேதத்தைத் தாங்களே நறுக்கினவர்களை யாராவது கோபித்தார்களா?

இவ்வளவும் தூரதேசத்துச் சங்கதி என்று எண்ணவேண்டாம். நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ஊருக்கே வருகிறேன். கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்கள் கட்டப்பட்டது 1845-இல். கட்டியவர்கள் அமெரிக்கன் மதுரை மிஷன் பாதிரிமார்கள். சமவெளியில் காய்ச்சலுக்கும் பேதிக்கும் பெண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு, உயிர் பிழைக்க இங்கே வந்தார்கள். அதில் நமக்கு ஆட்சேபனை இல்லை. மோசே தன் மலையில் தன் காலால் ஏறினான். இவர்கள் மலைச்சாலை வருகிறவரையில் கூலிகளின் தோளில், டோலியிலும் நாற்காலியிலும் ஏறினார்கள். பழனியில் மலையைச் சுமந்த இடும்பனுக்காவது படிக்கட்டு வழியில் ஒரு சந்நிதி இருக்கிறது. இவர்களைச் சுமந்தவர்களுக்கு இந்த ஊரில் பெயர்கூட இல்லை.

அதே 1845-இல், இந்தப் பாதிரிமார்களை அனுப்பிய அமெரிக்கத் தாய்ச் சங்கம் புரூக்ளின் நகரத்தில் வருஷக் கூட்டம் கூடிற்று. அந்தச் சங்கம் செவ்விந்தியர் நடுவில் நடத்திவந்த சபைகளில் அடிமை வைத்திருந்தவர்களும் அங்கத்தினர்களாக இருந்தார்கள். அவர்களைச் சபையைவிட்டு விலக்கவேண்டும் என்று சிலர் கேட்டார்கள். ஒருவன் அடிமை வைத்திருக்கிறான் என்பது மாத்திரமே அவனை விலக்கப் போதுமான காரணமாகாது என்று சங்கம் முடிவு சொல்லிற்று. அதில் அதிருப்தி கொண்டவர்கள் அடுத்த வருஷமே வேறு சங்கம் தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் மோசேயின் புத்தகத்தைப் படித்தவர்கள்தான் இரண்டு பக்கத்திலும் இருந்தார்கள்.

ஆனால் நேர்மையாக ஒன்று சொல்லவேண்டும். இதே மதுரை மிஷன், இரண்டொரு வருஷத்துக்குள், சபையில் சாதி இருக்கக்கூடாது என்று தீர்மானித்து, எல்லாச் சாதியாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டால்தான் சபையில் இருக்கலாம் என்று பரீட்சை வைத்தது. உபதேசியார்களே பலர் சாப்பிட மறுத்து, வேலையை விட்டுப் போனார்கள். பரலோகம் வேண்டும், ஆனால் பறையரோடு ஒரு வாய்ச் சோறு வேண்டாம்! வைத்த பாதிரிமாரை இந்த விஷயத்தில் நான் பாராட்டுகிறேன். போன உபதேசியார்களைப்பற்றி நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கடலைப் பிளந்து எந்த அக்கரைக்குப் போனாலும், நம் ஆளுடைய மூட்டைக்குள் சாதி உட்கார்ந்துகொண்டு கூடவே வந்துவிடுகிறது. வடக்கன்குளத்துக் கோயிலில் இரண்டு சாதிக்கு இரண்டு நடை வைத்து நடுவே சுவர் எழுப்பினவர்களும், 1910 வாக்கில் அந்தச் சுவர் இடிபடுகிறவரை அதில் மண்டியிட்டவர்களும் கிறிஸ்தவர்கள்தானே?

சரி, ஒடுக்கப்பட்டவர்கள் இந்தக் கதையைச் சொன்னதே இல்லையா என்று கேட்பீர்கள். சொன்னார்கள். அதுதான் இந்தக் கதைக்குக் கிடைத்த மரியாதை. வெட்டி எடுத்த பதினெட்டு அதிகாரங்களையும் வாய்ப்பாட்டாகவே அடிமைகள் காப்பாற்றினார்கள். ஹாரியட் டப்மன் என்ற கறுப்புப் பெண் 1849-இல் தான் தப்பி ஓடியதோடு நில்லாமல், ஏறக்குறைய பதின்மூன்று தடவை திரும்பிப் போய், எழுபது பேரளவுக்கு மீட்டு வந்தாள். அவளுக்கு ஜனங்கள் வைத்த பெயர் மோசே. எனக்குத் தெரிந்த மோசேகளில் அந்தப் பட்டத்துக்கு முழு யோக்கியதை உள்ளவள் இந்த அம்மையார்தான். கடலைப் பிளக்கவில்லை, இராத்திரியில் காட்டு வழியே நடந்தாள்.

மார்ட்டின் லூதர் கிங் 1957-இல் கானா நாட்டின் சுதந்திர விழாவுக்குப் போய்த் திரும்பியதும், அதை இஸ்ரவேலரின் விடுதலையோடு ஒப்பிட்டே பிரசங்கம் செய்தார். 1959-இல் அவர் இந்தியாவுக்கு வந்தபோது இந்த மலையின் அடிவாரப் பிரதேசத்துக்கும், திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் காந்திகிராமத்துக்கும் வந்துபோனார். அந்தப் பயணத்தில் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர், இவரும் அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் ஒரு தீண்டப்படாதவர் என்று பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்தாராம். முதலில் தமக்குச் சுருக்கென்றதாகவும், யோசித்தபின் அது உண்மைதான் என்று கண்டதாகவும் அவரே பிற்பாடு சொன்னார். 1968 ஏப்ரல் 3-ந் தேதி மெம்பிஸ் நகரில், குப்பை அள்ளும் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்காகப் பேசியபோது, மலையுச்சிக்குப் போய் அந்தத் தேசத்தைப் பார்த்துவிட்டதாகவும் தாம் அங்கே சேராமல் போகலாம் என்றும் சொன்னார். மறுநாள் சுட்டுக் கொன்றார்கள்.

அவரைப்பற்றிப் பரிகாசமாகப் பேச எனக்கு நாக்கு எழாது. ஆனாலும் ஒரு விஷயம் கேட்கிறேன். மாண்ட்கோமரி நகரத்தில் பஸ்ஸில் கறுப்பர் தனியாக உட்காரவேண்டும் என்ற முறை ஒழிந்தது எதனால்? 381 நாள் பஸ்ஸில் ஏறாமல் ஜனங்கள் கால்நடையாய் நடந்ததனாலும், கோர்ட்டில் வழக்காடினதனாலும். கடவுள் அனுப்பிய வெட்டுக்கிளியும் தவளையும் வந்து அந்தப் பஸ் கம்பெனியை ஒன்றும் செய்யவில்லை. வீட்டு வேலைக்குப் போகும் ஸ்திரீகளின் கால்தான் அந்தக் கடலைப் பிளந்தது.

நம் அம்பேத்கரும் மோசேயின் கதையில் ஈடுபாடு கொண்டவர். ஒடுக்கப்பட்டோர் விடுதலைக்கு அதை உவமையாக எடுத்து எழுதியும் இருக்கிறார். இந்துவாகச் சாகமாட்டேன் என்று 1935-இல் இயோலாவில் அவர் சொன்னபோது, அதுவே ஒரு யாத்திராகமம்தான். ஆனால் இருபத்தோரு வருஷம் யோசித்து, 1956-இல் நாகபுரியில் அவர் போய்ச் சேர்ந்தது எங்கே? மலையிலிருந்து கட்டளை கொண்டுவந்தவரிடத்தில் அல்ல. கடவுளிடம் ஒன்றும் வாங்கிவராத புத்தரிடத்தில். புத்தர் தம்மை மோட்சம் கொடுப்பவர் என்று சொல்லிக்கொள்ளவில்லை, வழியைக் காட்டுபவர் என்றுதான் சொன்னார் என்பதை அம்பேத்கர் தம் புத்தகத்தில் அழுத்திக் காட்டினார். உவமைக்கு மோசே, காரியத்துக்குப் புத்தர். அவர் செய்த தேர்தலை மேடையில் அவருக்கு மாலை போடுகிறவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

தோழர்களே! அடிமை எஜமான் விடுதலைப் பக்கத்தை வெட்டினான் என்று பார்த்தோம். விடுதலை பேசுகிறவர்களும் சில பக்கங்களை வெட்டுகிறார்கள். அதையும் சொல்லாவிட்டால் நான் பாதிக்காரியம் செய்தவனாவேன். எகிப்திலே அடிமையாயிருந்து அழுத அதே ஜனங்களுக்கு, வெளியே வந்தவுடன் கிடைத்த சட்டம் என்ன? சுற்றியுள்ள ஜாதிகளிலிருந்து அடிமைகளை விலைக்கு வாங்கலாம், பிள்ளைகளுக்குச் சொத்தாக எழுதி வைக்கலாம் என்று லேவியராகமம் இருபத்தைந்தாம் அதிகாரம் அனுமதிக்கிறது. அடிமையை அடித்து, அவன் ஒரு நாளோ இரண்டு நாளோ உயிரோடிருந்து செத்தால் அடித்தவனுக்குத் தண்டனை இல்லை, ஏனென்றால் அவன் இவனுடைய பணம் என்கிறது யாத்திராகமம் இருபத்தொன்று. மீதியானியரோடு யுத்தம் செய்தபின், ஆண் குழந்தைகளையும் புருஷனை அறிந்த பெண்களையும் கொன்றுவிட்டு, கன்னிப்பெண்களை உங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று மோசேயே உத்தரவிட்டதாக எண்ணாகமம் முப்பத்தொன்று சொல்லுகிறது. அப்படி வைத்துக்கொள்ளப்பட்டவர்கள் 32,000 பேர் என்று கணக்கும் கொடுக்கிறது. அந்த 32,000 பெண்களுக்கு ஒரு மோசே பிறந்தானா?

பழைய கதைதானே, யார் இதை இப்பொழுது எடுத்து நடத்துகிறார்கள் என்று கேட்காதீர்கள். அமலேக்கு உனக்குச் செய்ததை நினைத்துக்கொள், அவன் பெயரே இல்லாமல் அழித்துவிடு என்பது உபாகமத்தில் மோசே சொல்லுவது. 2023 அக்டோபர் கடைசியில், காஸாமீது தரைப்படை போகும்போது இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு இந்த அமலேக்கை நினைவுபடுத்திப் பேசினார். அந்த மாதம் 7-ந் தேதி இஸ்ரேலிலும் குழந்தைகள் உள்பட ஏராளமானோர் கொல்லப்பட்டார்கள். அதை யாரும் நியாயப்படுத்த முடியாது. தாம் சொன்னது ஹமாஸை மாத்திரம்தான் என்று அவர் தரப்பில் சமாதானமும் சொன்னார்கள். ஆனால் தென்னாப்பிரிக்கா அந்த டிசம்பரில் உலக நீதிமன்றத்துக்குப் போனபோது இந்தப் பேச்சையும் எடுத்துக் காட்டிற்று. எப்பேர்ப்பட்ட விசித்திரம் பாருங்கள்! முன்பு ஒரு சாரார் மோசேயைச் சொல்லிக்கொண்டு கறுப்பனை ஒடுக்கிய நாடு, இன்று மோசேயைச் சொன்ன இன்னொருவர்மேல் வழக்குப் போடுகிறது.

அமெரிக்காவில் லூயிசியானா மாகாணத்தில் 2024-இல் ஒரு சட்டம் செய்தார்கள். சர்க்கார் பள்ளிக்கூடங்களில் ஒவ்வொரு வகுப்பிலும் பத்துக் கட்டளைகளைப் பலகையில் மாட்டவேண்டும் என்பது சட்டம். சட்டத்தை மதிக்கவேண்டுமானால் முதல் சட்டக்காரரான மோசேயிடமிருந்து தொடங்கவேண்டும் என்று அதில் கையெழுத்திட்ட கவர்னர் சொன்னார். இதேமாதிரிக் கெண்டகி மாகாணம் செய்த சட்டத்தை அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட் 1980-இலேயே செல்லாதென்று சொல்லியிருந்தும் இப்படி. அந்தப் பத்தாவது கட்டளையை வகுப்பில் ஒரு பெண்குழந்தை எழுத்துக் கூட்டிப் படிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பிறனுடைய எதையெல்லாம் இச்சிக்கக்கூடாது என்று ஒரு பட்டியல் இருக்கும். வீடு, பெண்டாட்டி, வேலைக்காரன், வேலைக்காரி, எருது, கழுதை. வீட்டுக்கும் எருதுக்கும் நடுவிலே பெண்டாட்டி! நம் மனு ஒன்றும் தனிப்பிறவி அல்ல என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இப்பொழுது கானானைப்பற்றி. பாலும் தேனும் ஓடும் தேசம் என்று எல்லோரும் சொல்லுகிறார்களே, அந்தப் பாலைக் கறந்தவனும் தேனை எடுத்தவனும் யார்? அது ஆளில்லாத காடல்ல. கானானியர் ஏற்கெனவே குடியிருந்தார்கள். அவர்களை வெட்டித்தான் இடம் பிடித்ததாகக் கதையே சொல்லுகிறது. ராபர்ட் ஆலன் வாரியர் என்ற செவ்விந்தியர் 1989-இல் ஒரு கட்டுரை எழுதினார். விடுதலை பேசும் கிறிஸ்தவர்கள் இந்தக் கதையை எங்களுக்குக் கொண்டுவருகிறார்கள், ஆனால் கதையில் எங்கள் இடம் இஸ்ரவேலருடையதல்ல, கானானியருடையதாயிற்றே என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதிலை நான் இதுவரை படிக்கவில்லை.

இந்தப் பழனி மலைத்தொடரிலும் தேன் எடுத்தவர்கள் உண்டு. பளியர்கள். பாறையில் தொங்கித் தேன் அடை எடுத்து, கிழங்கு தோண்டி வாழ்ந்தவர்கள். அவர்களை யாரும் பட்டயத்தால் வெட்டவில்லை. அது வேண்டியிருக்கவும் இல்லை. 1882-இல் சென்னை மாகாண வனச் சட்டம் வந்தது. காடு ரிசர்வ் ஆயிற்று. தன் காட்டிலேயே அவன் அத்துமீறி நுழைந்தவன் ஆனான். 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தபின், பாட்டன் காலத்திலிருந்து தான் இருந்த இடத்தில் தான் இருந்ததற்கு அவனே அத்தாட்சி கொண்டுவரவேண்டும் என்றார்கள். ஓட்டுக்கு வருகிற மோசேகள் இந்தப் பளியர் குடிசைகளில் கானானைப்பற்றிப் பேசினால், அவன் சிரிக்கமாட்டானா?

கடைசியாக, நமக்கே நடந்த ஒரு யாத்திராகமத்தைச் சொல்லுகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

நம் ஜில்லாக்களிலிருந்து பஞ்சத்தாலும் சாதிக் கொடுமையாலும் விரட்டப்பட்டவர்களைக் கங்காணிகள் இலங்கைக்குக் கொண்டுபோனார்கள். காட்டை வெட்டிக் காப்பி வைத்தார்கள், காப்பி நோயில் போனபின் தேயிலை வைத்தார்கள். லயன் அறையில் பிறந்து லயன் அறையில் செத்தார்கள். ஒருவனுடைய கடன் எவ்வளவு என்று எழுதின துண்டு இல்லாமல் தோட்டம் மாறக்கூடாது என்ற முறை 1921 வரையில் இருந்தது. இலங்கைக்குச் சுதந்திரம் வந்த அதே 1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. இவர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த வருஷம் ஓட்டும் போயிற்று. சுதந்திரம் ஒருவனுக்கு வந்தால் அடுத்தவனுக்குப் போகும் என்பதை நாம் மீதியானில் மாத்திரம் பார்க்கவேண்டியதில்லை. 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிற்பாடு 1974-இல் பாதிப்பாதியாகப் பங்கு போட்டார்கள். பங்கு போடப்பட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாட்டுச் சந்தையிலாவது மாட்டின் பல்லைப் பார்ப்பார்கள்.

இவர்களுக்கு இந்தியா என்ன பெயர் கொடுத்தது தெரியுமா? தாயகம் திரும்பியோர். எவ்வளவு அழகான பெயர்! நாலு தலைமுறைக்கு முன் பாட்டன் விட்டுப்போன தாயகம். தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள், இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள், மண்டபம் முகாமில் வரிசையில் நின்றார்கள். கடல் பிளக்கவில்லை, டிக்கெட் கொடுத்தார்கள். கானான் வந்துவிட்டது. சிலருக்கு நீலகிரியில் சர்க்கார் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. கடன் கொடுத்து வியாபாரம் செய்யச் சொன்னவர்களுக்கு, வியாபாரம் என்றால் என்னவென்று தெரியாது. மலையும் குளிரும் கொழுந்துக் கூடையும்தான் தெரியும். மலை தெரிந்தவர்கள் மலையைத் தேடி வந்தார்கள். அப்படி இந்தக் கொடைக்கானலுக்கும் வந்தார்கள்.

இங்கே தோல் பதனிடப் பட்டை கொடுக்கும் வாட்டில் மரக் கூப்புகளில் கண்டிராக்டர்களிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்குச் சேர்ந்தார்கள். முன்பணம் கடனாயிற்று, கடன் சங்கிலியாயிற்று. இந்த ஏரியைச் சுற்றிக் குதிரைச் சவாரி நடந்துகொண்டிருந்தபோது, சில மைலுக்கு அப்பால் காட்டுக்குள் மனிதர்கள் கொத்தடிமைகளாகக் கிடந்தார்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. அது காடு ஏறி இவர்களைக் கண்டுபிடிக்க 1980-கள் ஆயிற்று. எகிப்தைவிட்டு வந்து கானானில் அடிமைப்பட்டார்கள் என்று எந்த ஆகமத்திலும் எழுதவில்லை. இந்த மலையில் நடந்தது.

அவர்களை விடுவித்தது எந்த மோசே? ஒரு மோசேயும் இல்லை. கூப்புக் கூப்பாய்ப் போய் யார் யாரிடம் எவ்வளவு முன்பணம் என்று கணக்கெடுத்தவர்கள், மனு எழுதினவர்கள், அந்த மனுவில் கைநாட்டு வைக்கப் பயப்படாதவர்கள். மனு என்ற வார்த்தைக்கு நம் தேசத்தில் இரண்டு அர்த்தம் இருக்கிறது. ஒன்று கொடுத்தது அடிமைத்தனம். அதைத் தீர்க்க இன்னொன்றைத்தான் கொடுக்கவேண்டியிருந்தது. (கைத்தட்டல்)

மேடையில் மோசே என்று சொல்லுகிறவனுக்கு இந்த ஜனங்கள் ஞாபகத்தில் இருக்கிறார்களா? இருக்கமாட்டார்கள். இந்தக் கதையில் தலைவன் ஒருவனுக்குத்தான் பெயர் உண்டு. மற்றவர்கள் ஆறு லட்சம். நடந்தவன் முறுமுறுத்தால் அவன் நன்றி கெட்டவன். தண்ணீர் இல்லை என்று சொன்னால் விசுவாசமில்லாதவன். பொன் கன்றுக்குட்டி செய்து கும்பிட்டார்கள் என்று ஒரே நாளில் மூவாயிரம் பேரை வெட்டினார்கள். அந்தக் கன்றுக்குட்டியைத் தன் கையால் வார்த்துக் கொடுத்தவர் மோசேயின் அண்ணன் ஆரோன். அவருக்கு ஒரு கீறலும் இல்லை. அவருக்கும் அவர் வம்சத்துக்கும் ஆசாரியப் பட்டம் பரம்பரைப் பாத்தியமாயிற்று. இந்த ஏற்பாட்டைக் கேட்கும்போது உங்களுக்கு வேறு யாராவது ஞாபகத்துக்கு வந்தால் அதற்கு நான் ஜவாப்தாரி அல்ல. (சிரிப்பு)

அந்தக் கூட்டத்திலும் ஒருவன் எழுந்து கேட்டான். கோராகு என்று பெயர். எண்ணாகமம் பதினாறாம் அதிகாரத்தில் இருக்கிறான். சபையார் எல்லோரும் பரிசுத்தமானவர்கள் என்றால், நீங்கள் இரண்டு பேர் மாத்திரம் எங்களுக்கு மேலே எப்படி உயர்ந்தீர்கள் என்பதுதான் அவன் கேட்ட கேள்வியின் சாரம். அவனோடு 250 பேர் நின்றார்கள். அவன் யோக்கியனா என்று எனக்குத் தெரியாது. அவனுக்கும் ஆசாரியப் பதவிமேல் கண் இருந்ததாகத்தான் கதை. இருக்கட்டும். கேள்விக்குப் பதில் என்ன வந்தது? பூமி வாயைத் திறந்து விழுங்கிற்று. 250 பேரையும் நெருப்பு பட்சித்தது. ஏன் கொன்றாய் என்று மறுநாள் கேட்ட ஜனங்களில் 14,700 பேர் வாதையில் செத்தார்கள். கேள்விக்குப் பதில் மாத்திரம் அந்த அதிகாரத்தில் இல்லை. நான் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டேன்.

நேரமாகிவிட்டது, வத்தலக்குண்டுப் பஸ்ஸுக்குப் போகவேண்டியவர்கள் இருக்கிறீர்கள். வழக்கம்போல் சந்தேகம் உள்ளவர்கள் சீட்டில் எழுதித் தலைவரிடம் கொடுங்கள். நான் சொன்னது தப்பு என்று எழுதுகிறவர்கள் முதலில் கொடுங்கள், அவர்களுக்கு முதலில் பதில் சொல்லுகிறேன். பெயர் எழுதவேண்டும் என்ற கட்டாயமில்லை. தாய்மார்கள் பக்கத்திலிருந்து இதுவரை ஒரு சீட்டும் வரவில்லை. தாராளமாகக் கேளுங்கள் அம்மா. கீழே இருப்பது கெட்டிப் பாறை, வாயைத் திறக்காது.